குப்பைத் தொட்டியில் தொடங்கும் பள்ளித் தோட்டம்

பள்ளியில் தோட்டம் போடலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் விதைக்கும் தொட்டிக்கும்தான் ஓடுவோம். நானும் முதல்முறை அப்படித்தான் செய்தேன். பிளாஸ்டிக் தொட்டிகள், பை பையாக உரமண், பாக்கெட் விதைகள் எல்லாம் வாங்கி வந்தோம். நட்டு முடித்த அன்று மாலை பார்த்தால் காலிப் பைகளும் உறைகளும் ஒரு மூட்டை சேர்ந்திருந்தது. ஒரு பையன் அந்த மூட்டையைக் காட்டி, "இதை எங்கே போடணும்?" என்று கேட்டான். குப்பையைக் குறைக்கக் கற்றுத்தருவதற்காகப் போட்ட தோட்டம் அது. என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் உதவிய தோட்டங்களை எல்லாம் குப்பைத் தொட்டியிலிருந்தே தொடங்கியிருக்கிறேன். பள்ளி எதைத் தூக்கி எறிகிறது என்று முதலில் பார்ப்பது, அதில் தவிர்க்கக்கூடியதைத் தவிர்ப்பது, மிஞ்சுவதை மண்ணாக்குவது, அந்த மண்ணில் விதைப்பது. இந்த வரிசை மாறாமல் இருந்தால் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதே இல்லை.

முதல் வாரம்: ஒரு தராசு, நான்கு வாளி

முதல் வாரத்தில் ஒரு விதைகூட வேண்டாம். ஒரு தராசும் நான்கு வாளியும் போதும். சமைக்காத காய்கறி, பழக் கழிவுக்கு ஒரு வாளி. தட்டில் மீந்த சமைத்த உணவுக்கு ஒன்று. காகிதம், அட்டைக்கு ஒன்று. பிளாஸ்டிக்கும் மற்றவையும் நான்காவதில். காலி வாளியின் எடையை முதலிலேயே எடுத்து வாளியின் மேல் எழுதிவிடுங்கள். இதை மறந்தால் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். மதிய உணவு முடிந்ததும் நான்கைந்து பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு பிரித்து, எடை போட்டு, சுவரில் ஒட்டிய பெரிய தாளில் எழுத வேண்டும். ஐந்து பள்ளி நாள் தொடர்ந்து செய்தால் போதும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

யார் எவ்வளவு வீணாக்கினார்கள் என்று பெயர் எழுதவே கூடாது. மொத்த எடை மட்டும் போதும். சாப்பாட்டை மிச்சம் வைக்கும் குழந்தைக்கு ஏதோ காரணம் இருக்கும். அதைக் குற்றமாகக் கேட்காமல் அக்கறையாகக் கேட்டால் நல்ல பதில்கள் வரும்: சாப்பிட நேரம் போதவில்லை, ஒரேயடியாக நிறைய வைத்துவிட்டார்கள், விளையாடப் போகிற அவசரம். விளையாட்டு நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றிப் பாருங்கள், முதலில் கொஞ்சமாக வைத்துக் கேட்டால் மறுபடி கொடுத்துப் பாருங்கள். தோட்டமே இல்லாமல் இரண்டாவது வாளி இளைக்க ஆரம்பிக்கும்.

2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. கடைகளுக்கும் வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் வந்துசேர்ந்த உணவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. பத்து வயதுப் பிள்ளைக்கு 105 கோடி டன் என்பது வெறும் சத்தம்தான். ஆனால் "நேத்து நம்ம வாளி ஏழு கிலோ, இன்னைக்கு ஆறரை" என்பது நன்றாகவே புரியும்.

இந்த இடத்தில் நிறையப் பள்ளிகள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். உரக்குழி வந்துவிட்டால், "எறிந்தால் என்ன, எப்படியும் உரமாகத்தானே போகிறது" என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. பெரியவர்களுக்கும்தான். ஆகவே முதல் நாளிலிருந்தே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: தோல், காம்பு, கொட்டை, சருகு என்று யாராலும் சாப்பிட முடியாததுதான் குவியலுக்கு. சாப்பிடக்கூடியது வயிற்றுக்கு. உரம் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, இரண்டாவது வாளியின் எடை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இடம் பார்ப்பது

காய்கறிக்கு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கட்டடத்தின் நிழல் எங்கே விழுகிறது என்று பிள்ளைகளையே சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போடச் சொல்லுங்கள். குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பிள்ளைகள் தினமும் நடக்கிற வழியில் தோட்டம் இருக்க வேண்டும். பள்ளிக்குப் பின்னால் யாரும் போகாத மூலையில் போட்ட தோட்டம் பெரும்பாலும் மூன்று மாதத்தைத் தாண்டாது.

பழைய கட்டடமாக இருந்தால் சுவரை ஒட்டிய மண்ணைத் தவிர்க்கவும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம், உதிர்ந்து மண்ணில் கலந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதுவரை மேட்டுப்பாத்தி கட்டி, வெளியிலிருந்து நல்ல மண் போட்டு நடலாம்.

மண் எப்படிப்பட்டது என்று பார்க்க ஒரு கண்ணாடி ஜாடி போதும். மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, மூடி நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில். களிமண் மறுநாளோ அதற்கும் மேலோ ஆகும். ஜன்னலோரம் வைத்தால் வகுப்பே நின்று பார்க்கும்.

முதல் ஆண்டுக்கு ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு பாத்தி தாராளம். சிறு பிள்ளைகளின் கை அரை மீட்டருக்கு மேல் எட்டாது. அகலம் கூடினால் பாத்திக்குள் ஏறி மிதிப்பார்கள், மண் இறுகிவிடும். நடைபாதை 60 செ.மீ. இருக்கட்டும். ஒரு பாதையையாவது சக்கர நாற்காலி போகிற மாதிரி 90 செ.மீ.க்குக் குறையாமல் விடுங்கள்.

மக்குக் குவியல்

தோட்டத்தின் அடுப்பு இதுதான். நேரமும் கவனமும் இங்கேதான் அதிகம் போகும், போகட்டும்.

கூடு கட்ட, சரக்கு அடுக்கி வரும் பழைய மரப் பலகைத் தட்டுகள் நான்கு போதும். நிறுத்திவைத்துக் கட்டினால் பெட்டியாகிவிடும். முன்பக்கத் தட்டைக் கதவு போலத் திறக்கிற மாதிரி வையுங்கள். பலகையில் முத்திரை இருக்கும், அதைப் படியுங்கள். ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை காட்டியது, வேண்டாம். குவியல் தானாகச் சூடேற நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் அளவுக்கு வர வேண்டும். அதைவிடச் சிறியதும் மக்கும், ஆனால் மெதுவாக.

உள்ளே போவது இரண்டு வகை. காய்கறித் தோல், பழத்தோல், புதிதாக வெட்டிய புல் ஆகியவை பச்சை. இவற்றில் தழைச்சத்து அதிகம். சருகு, வைக்கோல், கிழித்த அட்டை, மரத்தூள் ஆகியவை பழுப்பு. இவற்றில் கரிமம் அதிகம். மக்க வைக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால் வசதி. தினமும் அந்தக் கணக்கைப் போட முடியாது. ஒரு வாளி பச்சைக்கு இரண்டு மூன்று வாளி பழுப்பு என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக வரும். எது போட்டாலும் மேலே பழுப்பால் மூடிவிட வேண்டும். பிள்ளைகள் இதை, "போர்வை போத்தணும்" என்பார்கள்.

இறைச்சி, மீன், பால் பொருள், எண்ணெய், சமைத்த உணவு ஆகியவை வேண்டாம். நாற்றமும் எலியும் வரும். நாய், பூனைக் கழிவு, நோய் வந்த செடி, பளபளப்பு பூச்சுள்ள காகிதம் ஆகியவையும் வேண்டாம். தேநீர்ப் பைகளில் பிளாஸ்டிக் இழை இருக்கக்கூடும். தூளைக் கொட்டிவிட்டுப் பையை விலக்குங்கள்.

ஈரத்துக்கு ஒரு சோதனை: ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். தண்ணீராக வழிந்தால் அதிகம், ஒன்றுமே வராமல் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. வாரம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிவிட வேண்டும். நல்ல குவியலின் நடுவில் 55 முதல் 65 டிகிரி வரை வெப்பம் ஏறும். பெரிய கம்போஸ்ட் வெப்பமானி இல்லாவிட்டால், ஓர் இரும்புக் கம்பியைப் பத்து நிமிடம் செருகிவைத்து வெளியே எடுங்கள். ஆசிரியர் முதலில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கட்டும்.

ஒருமுறை நாலு நாள் விடுமுறைக்கு முன்னால், பள்ளி விழாவில் சேர்ந்த பழத்தோல் முழுவதையும் ஒரேயடியாகக் குவியலில் கொட்டிவிட்டுப் போய்விட்டோம். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். அடியில் கறுப்பாக, கொழகொழவென்று. பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது, மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஒரு வாரம் அவகாசம் கேட்டோம். பிள்ளைகள் பழைய அட்டைப் பெட்டிகளை உள்ளங்கை அளவுக்குக் கிழித்தார்கள். சருகு மூட்டைகளைக் கொண்டுவந்தார்கள். குவியலை முழுக்க வெளியே எடுத்து, அட்டையும் சருகும் கலந்து, தளர்வாகத் திரும்ப அடுக்கினோம். நான்காவது நாள் நாற்றம் இல்லை. அடுத்த வாரம் ஒரு குளிர்ந்த காலையில் புரட்டும்போது வெள்ளையாக ஆவி எழுந்தது. ஒரு சிறுமி அதன்மேல் கையை நீட்டிச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "உள்ளே யாரோ மூச்சு விடுறாங்க" என்றாள்.

அவள் சொன்னது அறிவியலாகவும் சரிதான். காற்று இருக்கும்போது நுண்ணுயிரிகள் நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகின்றன. காற்று இல்லாமல் அழுகினால் மீத்தேன் வருகிறது. அது வளியைச் சூடாக்குவதில் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வலிமையானது. பெரிய குப்பை மேடுகளுக்குள் புதைந்த உணவு அப்படித்தான் அழுகுகிறது. நாறிய குவியலையும் சரியான குவியலையும் ஒரே மாதத்தில் முகர்ந்த பிள்ளைக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும்.

மற்ற கோளாறுகளும் முகர்ந்தும் பார்த்தும் கண்டுபிடிக்கக்கூடியவைதான். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் பச்சை அதிகம், பழுப்பைச் சேருங்கள். வாரக்கணக்கில் எதுவும் மாறவில்லை என்றால் காய்ந்திருக்கும் அல்லது குவியல் சிறியதாக இருக்கும். எறும்பு வந்தால் தண்ணீர் தெளியுங்கள். ஈ மொய்த்தால் போர்வை போதவில்லை.

மூன்று முதல் ஆறு மாதத்தில் குவியல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கருமையாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். எது எதிலிருந்து வந்தது என்று அடையாளம் தெரியாது. சல்லடையில் சலித்து, பெரிய துண்டுகளைத் திரும்பவும் குவியலிலேயே போடுங்கள். பயன்படுத்தும் முன், ஒரு சிறு தட்டில் கொஞ்சம் எடுத்து முள்ளங்கி விதை தூவிப் பாருங்கள். ஒழுங்காக முளைத்தால் தயார். முளை கருகினால் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

இடம் இல்லாத பள்ளி மண்புழுப் பெட்டி வைக்கலாம். அதற்குக் கழிவு தின்னும் சிவப்புப் புழு வேண்டும், தோட்டத்தில் ஆழமாக வளை தோண்டும் புழு பெட்டியில் வாழாது. நிழலில், அதிகச் சூடோ குளிரோ படாத இடத்தில் வையுங்கள். 15 முதல் 25 டிகிரி அவற்றுக்கு இதமானது. வெங்காயம், புளிப்புப் பழத்தோல், உப்பு போட்டது எதுவும் வேண்டாம். முதல் மாதம் மிகக் கொஞ்சமாகத் தீனி போடுங்கள். பெரும்பாலான பெட்டிகள் அதிகத் தீனியால்தான் கெடுகின்றன.

குழிக்குள் ஒரு சோதனை

உரம் தயாராகும் வரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு வலைப்பையில் ஓர் இலை, பழத்தோல், செய்தித்தாள் துண்டு, பருத்தித் துணி, பிளாஸ்டிக் உறை, ‘மக்கும்’ என்று அச்சிட்ட ஒரு பை, இத்தனையையும் போட்டு 15 செ.மீ. ஆழத்தில் புதைத்து, மேலே குச்சி நட்டுத் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை தோண்டிப் பார்த்துப் படம் வரையட்டும். பழத்தோல் முதலில் காணாமல்போகும். துணி சல்லடையாகும். பிளாஸ்டிக்கும் வலைப்பையும் கழுவினால் புதிது போல இருக்கும். அந்த ‘மக்கும்’ பையும் பெரும்பாலும் அப்படியேதான் வரும், ஏனென்றால் அந்த வகைகளில் பலவும் மக்குவதற்கு, உரம் தயாரிக்கும் ஆலைகளில் கொடுக்கிற 60 டிகிரியை ஒட்டிய தொடர்ந்த வெப்பம் வேண்டும். பையின் மேல் அச்சிட்டிருப்பதை இனி அந்தப் பிள்ளைகள் இரண்டு தடவை படிப்பார்கள்.

பாத்தியும் விதைப்பும்

புல் மண்டிய தரையைக் கொத்திப் புரட்ட வேண்டியதில்லை. அட்டைப் பெட்டிகளின் டேப்பையும் கம்பி முள்ளையும் உரித்துவிட்டு, விளிம்புகள் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வரும்படி பரப்பி, நன்றாக நனைத்து, மேலே 10 முதல் 15 செ.மீ. மக்கு உரம் போடுங்கள். கீழே புல் வெளிச்சமில்லாமல் சாகும், அட்டையும் சில மாதத்தில் மண்ணோடு போய்விடும். செடி வந்தபின் சுற்றிலும் சருகால் ஐந்தாறு செ.மீ. மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும், களை குறையும். தண்டை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

பழைய பொருளில் தொட்டி செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பாட்டில்களை வெட்டிச் சுவரில் தொங்கவிடும் தோட்டம் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அதற்குள் போகும் ஒரு கைப்பிடி மண் மதியத்துக்குள் காய்ந்துவிடும், வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கித் துகளாக மண்ணில் விழும். இதற்கென்றே பாட்டில் வாங்கிக் குடிக்கச் சொல்லும் வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருந்தது. பழைய டயரும் உண்ணும் செடிக்கு வேண்டாம். ஓட்டை வாளி, உடைந்த அலமாரியின் பூச்சு இல்லாத பலகை, நாற்றுக்குச் செய்தித்தாளில் சுருட்டிய கிண்ணம், இவை நல்ல தேர்வு. காகிதக் கிண்ணத்தை நாற்றோடு அப்படியே நட்டுவிடலாம்.

எதை விதைப்பது என்பதைப் பள்ளி நாட்காட்டியை வைத்து முடிவு செய்யுங்கள். முள்ளங்கி 25 முதல் 30 நாளில் கைக்கு வரும், முதல் பயிருக்கு அதுதான் சரி. கீரை வகைகள் 30 முதல் 45 நாள். பீன்ஸ் 50 முதல் 60 நாள். தக்காளிக்கு நாற்று நட்ட பிறகு 60 முதல் 80 நாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால் எல்லாம் ஒரே நாளில் விளைந்து வீணாகும். இரண்டு வாரத்துக்கு ஒரு வரி என்று விதையுங்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். சின்னப் பிள்ளைகள் ஆசையில் ஆழமாகப் புதைத்துவிடுவார்கள், பென்சிலில் கோடு போட்டு அளவு காட்டுங்கள்.

‘கிண்டர்கார்டன்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கே குழந்தைகளின் தோட்டம் என்றுதான் பொருள். 1840இல் அந்தப் பெயரை வைத்த ஜெர்மன் கல்வியாளர் ஃபிரோபெல் தன் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தோட்ட வேலையும் வைத்திருந்தார். ஆளுக்கொரு பாத்தி இடமிருந்தால் நல்லது. இல்லையென்றால் பொதுப் பாத்தியில் ஆளுக்கொரு செடி, பெயர்க் குச்சியோடு. தன் செடி என்று ஒன்று இருந்தால்தான் காலையில் வந்ததும் பார்க்கத் தோன்றும்.

பூச்சி வந்தால் மருந்து அடிக்காதீர்கள். புழுவைக் கையால் பொறுக்கலாம், அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சி உதிர்க்கலாம். அரளி, ஊமத்தை மாதிரி நச்சுச் செடிகள் தோட்டத்தின் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாமை என்று அறுவடைக்கு முன்பே பெற்றோரிடம் கேட்டு வையுங்கள்.

அறுவடை நாளில் செடி முழுவதையும் மேசையில் வைத்து, எது எது சாப்பிடலாம் என்று கேளுங்கள். முள்ளங்கியின் கீரையும் உணவு, பீட்ரூட் இலையும் உணவு. தான் வளர்த்ததைத் தட்டில் மிச்சம் வைக்கும் பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

தண்ணீர்

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அப்படியானால் 50 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழைக்கு 500 லிட்டர். சிதறல் போக 400 என்று வையுங்கள். கணக்கு வகுப்புக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. பீப்பாய்க்கு இறுக்கமான மூடியும் கொசுவலையும் வேண்டும், அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அப்புறம், வாசலில் ஒரு வாளி வைத்து, மாலை வீட்டுக்குப் போகும்போது பாட்டிலில் மிஞ்சிய குடிநீரை அதில் ஊற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஒரு பாத்திக்குத் தேவையான தண்ணீர் அதிலேயே சேரக்கூடும். காலையில், வேரில், மெதுவாக ஊற்றுவது நல்லது.

விதை எடுப்பது

அடுத்த ஆண்டுக்கு விதை வாங்காமல் இருக்க முடியுமா? பீன்ஸ், பட்டாணி, தக்காளிக்கு முடியும். இவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. சில காய்களைச் செடியிலேயே முற்றி உலரவிட்டால் பீன்ஸ் விதை தயார். தக்காளி விதையைச் சாறோடு இரண்டு மூன்று நாள் ஒரு குவளையில் புளிக்கவிட்டு, கழுவி, தட்டில் உலர்த்துங்கள். பூசணி வகை பக்கத்து ரகங்களோடு கலந்துவிடும், தொடக்கத்தில் அது வேண்டாம். கலப்பின விதையிலிருந்து எடுத்தது தாய்ச் செடியைப் போல வராது, அதனால் முதல் ஆண்டே நாட்டு ரக விதையாகப் பார்த்து வாங்குங்கள். உறையைப் பழைய நோட்டுத் தாளில் மடித்து, பயிரின் பெயர், தேதி, எடுத்த வகுப்பு எழுதி வைக்கலாம்.

நீண்ட விடுமுறை

பள்ளித் தோட்டங்கள் அதிகம் சாவது இங்கேதான். கடைசி ஒன்றரை மாதம் புதிதாக எதையும் விதைக்காதீர்கள், விடுமுறைக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் அறுத்துவிடுங்கள். காலிப் பாத்தியின் மேல் உரம் ஓர் அடுக்கு, அதன்மேல் சருகு கனமாக. நிற்கிற செடி ஏதாவது இருந்தால், மெருகு பூசாத மண்பானையைக் கழுத்து வரை பக்கத்தில் புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடுங்கள், பானையின் சுவர் வழியாகத் தண்ணீர் மெல்லக் கசியும். விருப்பமுள்ள குடும்பங்களுக்கு வாரம் பிரித்துக் கொடுங்கள். அந்த வாரம் விளைவது அவர்களுக்கே என்று சொன்னால் வர ஆள் இருக்கும். குவியலைப் பழுப்பால் மூடி, கடைசியாக ஒரு புரட்டு.

பள்ளி திறந்த முதல் நாள் சருகை விலக்கி மண்ணைத் தொட்டுப் பாருங்கள், கையில் புழு தட்டுப்படும். குவியலைத் திறந்து சலியுங்கள். போன ஆண்டு செய்த பிள்ளைகள் மண்வெட்டியையும் விதை உறைகளையும் புது வகுப்பிடம் கொடுக்கட்டும். போன ஆண்டு எடை எழுதிய தாளை எடுத்துச் சுவரில் திரும்ப ஒட்டி, பக்கத்தில் ஒரு வெற்றுத் தாளையும் ஒட்டுங்கள். மதியம் சாப்பாடு முடிந்ததும் நான்கு வாளியையும் கொண்டுவந்து தராசில் ஏற்றலாம்.